ஹோலோகாஸ்ட், மனித உரிமைக் கல்விக்கான மாணவர் பரிசுகளும் உதவித்தொகைகளும்: விண்ணப்பிக்கும் முன் படிக்க வேண்டியது

ஹோலோகாஸ்ட் (நாஜி ஜெர்மனி யூதர்களைத் திட்டமிட்டுக் கொன்ற இனப்படுகொலை) பற்றியும் மனித உரிமைகள் பற்றியும் படிக்கும் மாணவர்களுக்குக் கட்டுரைப் பரிசு, ஓவியப் பரிசு, கல்விப் பயணம், முதுகலை உதவித்தொகை என்று நிறையவே இருக்கின்றன. ஆனால் எதை யார் தருகிறார்கள், யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்றுகள் வேண்டும் என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. முதலில் என் மகளின் பள்ளிப் போட்டிகளுக்காகவும், பிறகு அவளுடைய மேற்படிப்புக்காகவும் தேடித் தேடிச் சேர்த்த விவரங்கள் இவை. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மாணவர் எழுதி முடிக்க ஆகும் நேரத்தைவிட மற்றவர்களிடம் கையெழுத்து வாங்க ஆகும் நேரம் அதிகம். அதனால் எழுதும் வேலையை நான் முதல் படியாக வைக்கவில்லை.

1. எந்த வகை என்று முதலில் பிரியுங்கள்

நான்கு வகை இருக்கிறது. முதலாவது, பள்ளி மாணவர்களுக்கான போட்டிகள். கலிபோர்னியாவில் உள்ள சாப்மன் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் ஹோலோகாஸ்ட் ஓவிய, எழுத்துப் போட்டி இதற்கு நல்ல உதாரணம். நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உயிர் பிழைத்த ஒருவரின் சாட்சியத்தை முழுமையாகப் பார்த்துவிட்டு, ஓவியம், கவிதை, உரைநடை, குறும்படம் இவற்றில் ஒன்றைப் படைக்க வேண்டும். அமெரிக்காவின் பல நகரங்களில் உள்ள ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகங்களும் நினைவு மையங்களும் தங்கள் பகுதி மாணவர்களுக்கென்று தனிப் போட்டிகள் நடத்துகின்றன. பரிசுத்தொகை பெரும்பாலும் சில நூறு டாலர்தான். ஆனால் போட்டியிடுபவர்கள் குறைவு. அந்தப் பகுதியில் வசிப்பவராக இருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

இரண்டாவது, கல்விப் பயணங்கள். பிரிட்டனில் ஹோலோகாஸ்ட் எஜுகேஷனல் டிரஸ்ட் நடத்தும் ‘லெஸன்ஸ் ஃப்ரம் ஆஷ்விட்ஸ்’ திட்டம் 16 முதல் 18 வயது மாணவர்களை போலந்தில் ஆஷ்விட்ஸ் நாஜி முகாம் இருந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. பயணத்துக்கு முன்னும் பின்னும் வகுப்புகள் உண்டு.

மூன்றாவது, முதுகலைப் படிப்புக்கான உதவித்தொகை. நான்காவது, முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கான நல்கை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகத்தின் மேண்டல் மையம், பாதிக்கப்பட்ட யூதர்களுக்கு இழப்பீடு பெற்றுத் தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பின் கேகன் ஃபெலோஷிப், ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் தங்கி ஆய்வு செய்ய உதவும் கோனி கிரிஸ்டெல் ஃபெலோஷிப் எல்லாம் இந்த வகை. பள்ளி மாணவருக்கும் இளங்கலை மாணவருக்கும் இவற்றால் பயனில்லை. ஆனால் இணையத்தில் தேடினால் இவைதான் முன்னால் வந்து நிற்கும். தாண்டிப் போய்விடுங்கள்.

இந்த இடத்திலேயே இரண்டு எச்சரிக்கைகள். உதவித்தொகைப் பட்டியல் போடும் தளங்களில், எப்போதோ நின்றுபோன போட்டிகள் இன்னும் உயிரோடு இருப்பதுபோல் கிடக்கும். நடத்தும் அமைப்பின் சொந்தப் பக்கத்தில் இந்த ஆண்டின் தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அப்புறம், உதவித்தொகை கிடைப்பது உறுதி என்று சொல்லி முன்பணமோ செயலாக்கக் கட்டணமோ கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள்.

2. விண்ணப்பிப்பவர் நீங்களா, பள்ளியா?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பள்ளி மாணவர்களுக்கான போட்டிகளில் பலவற்றில் மாணவர் நேரடியாக அனுப்ப முடியாது; ஆசிரியர் பதிவு செய்து, அவர்தான் அனுப்ப வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து இத்தனை படைப்புகள்தான் என்று வரம்பும் இருக்கும். ஆகவே உங்கள் மகனோ மகளோ எவ்வளவு நன்றாக எழுதினாலும், பள்ளிக்குள் நடக்கும் தேர்வைத் தாண்டினால்தான் படைப்பு வெளியே போகும். நான் சொன்ன ஆஷ்விட்ஸ் பயணத்துக்கும் பள்ளி வழியாகத்தான் இடம் ஒதுக்குகிறார்கள், அதுவும் பள்ளிக்கு இரண்டு பேர் என்ற அளவில்.

அதனால் கல்வியாண்டு தொடங்கியதும் வரலாறு அல்லது மொழி ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். “இப்படி ஒரு போட்டி இருக்கிறது, நீங்கள் பொறுப்பாசிரியராக இருக்க முடியுமா?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். போட்டியின் விதிமுறைப் பக்கத்தை அச்செடுத்து, ஆசிரியர் செய்ய வேண்டியதை மட்டும் கோடிட்டுக் கொடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எங்களுக்கு ஒரு பள்ளி அலுவலகம் படிவத்தை மேசையிலேயே வைத்திருந்து தேதியைத் தாண்ட விட்டது. கையெழுத்துக்குக் கொடுத்ததோடு விட்டுவிடாமல், எப்போது வந்து வாங்கிக்கொள்வது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே படிக்கும் மாணவர்களுக்குச் சில போட்டிகளில் பெற்றோரே பொறுப்பாசிரியராக இருக்கலாம், சிலவற்றில் கூடாது. எழுதிக் கேட்டு, வரும் பதிலைச் சேமித்து வையுங்கள்.

3. ஒரே ஒரு சாட்சியத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று தொடங்கும் கட்டுரைகளை நடுவர்கள் அடுக்கடுக்காகப் படித்திருப்பார்கள். அவர்கள் பார்க்க விரும்புவது, நீங்கள் ஒரு மனிதரின் பேச்சை உட்கார்ந்து முழுதாகக் கேட்டீர்களா என்பதைத்தான்.

கேட்பதற்குக் காசு வேண்டாம். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா ஃபவுண்டேஷன் (ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994இல் தொடங்கியது) 50,000க்கும் மேற்பட்ட காணொளிச் சாட்சியங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒரு பகுதியைக் கணக்குத் தொடங்கி வீட்டிலிருந்தே பார்க்கலாம். மீதிக்கு, அந்த வசதி உள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். பள்ளி மாணவர்களுக்காக ‘ஐவிட்னஸ்’ என்று தனித் தளமும் வைத்திருக்கிறார்கள், அது இலவசம். வாஷிங்டன் அருங்காட்சியகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களில் பலவற்றை எழுத்து வடிவத்தோடு இணையத்திலேயே பார்க்க முடியும். ஆங்கில உச்சரிப்புப் பிடிபடாதவர்களுக்கு அந்த எழுத்து வடிவம் பெரிய துணை. ஆவணம் தேடுகிறீர்கள் என்றால் ஜெர்மனியில் உள்ள ஆரோல்சென் காப்பகத்துக்குப் போங்கள். முகாம் பதிவேடுகளில் பெயர் வைத்துத் தேடலாம்.

தேர்ந்தெடுக்கும் முன் விதிமுறையில் ஒன்றைப் பாருங்கள்: எந்தக் காப்பகத்தின் சாட்சியம் ஏற்கப்படும் என்று சில போட்டிகள் பட்டியல் தருகின்றன. பட்டியலுக்கு வெளியே உள்ள சாட்சியத்தை வைத்து எழுதினால் தள்ளுபடிதான். ஒரு சாட்சியம் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஓடும். ஒரே மூச்சில் பார்க்க வைக்காதீர்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அது பாரம். பகுதி பகுதியாகப் பார்க்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பார்க்கும்போதே பேசியவரின் பெயர், நேர்காணல் எண், மனதைத் தொட்ட இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். கடைசி நாளில் அந்த நிமிடத்தைத் தேடி மறுபடியும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது கொடுமை.

மனித உரிமை சார்ந்த போட்டியாக இருந்தால் இன்னொரு வேலை உண்டு. 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தில் 30 பிரிவுகள் இருக்கின்றன. ‘மனித உரிமை’ என்று பொதுவாக எழுதாமல் ஒரு பிரிவைப் பிடியுங்கள். குடியுரிமை பறிக்கப்பட்டதைப் பற்றிய சாட்சியம் என்றால் 15ஆம் பிரிவு. 1935 நியூரம்பெர்க் சட்டங்கள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்ததோடு அது நேராகப் பொருந்தும். அடைக்கலம் மறுக்கப்பட்ட கதை என்றால் 14ஆம் பிரிவு. 1939இல் கியூபாவும் அமெரிக்காவும் கரையேற விடாத யூத அகதிகளின் செயின்ட் லூயிஸ் கப்பலை அதோடு சேர்த்து எழுதலாம். ஷோவா ஃபவுண்டேஷனில் ருவாண்டா, கம்போடியா, ஆர்மீனியப் படுகொலைகளின் சாட்சியங்களும் உள்ளன. போட்டி ஹோலோகாஸ்ட்டுக்கு மட்டும் என்று வரையறுக்காவிட்டால் அவற்றையும் பயன்படுத்தலாம்.

4. எழுதும்போது விழக்கூடிய குழிகள்

முகாமில் இருக்கும் சிறுமி நாட்குறிப்பு எழுதுவதுபோல் கற்பனையாக எழுத வேண்டாம். பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவதே இதுதான். ஆனால் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்ட கற்பித்தல் பரிந்துரைகள், பாதிக்கப்பட்டவராகவோ கொடுமை செய்தவராகவோ மாணவரை நடிக்க வைக்கும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. நடுவர்களில் பலர் இந்தத் துறையின் ஆசிரியர்கள், அவர்களுக்கு இது உறுத்தும். கேட்டவராக, இன்றைய மாணவராக எழுதுவதே நல்லது.

‘போலந்து வதைமுகாம்’ என்று எழுதாதீர்கள். அவை ஜெர்மனி ஆக்கிரமித்த போலந்தில் நாஜிகள் நடத்திய முகாம்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் ஆஷ்விட்ஸின் உலகப் பாரம்பரியப் பெயரையே யுனெஸ்கோ 2007இல் ‘ஜெர்மன் நாஜி’ என்ற சொற்கள் வருமாறு மாற்றியது. அதேபோல் எல்லா முகாமும் ஒன்றல்ல. டாஹாவ் வதைமுகாம், டிரெப்ளிங்கா கொல்வதற்கென்றே கட்டப்பட்டது. இரண்டையும் மாற்றி எழுதினால் கட்டுரையின் மற்றப் பகுதிகள் மீதும் நம்பிக்கை போய்விடும்.

ஓவியத்தில் ஸ்வஸ்திகா, முள்வேலி, பிணக்குவியல் வேண்டாம். சில போட்டிகளின் விதியே அப்படித்தான். விதி இல்லாவிட்டாலும், நூறு ஓவியங்களில் முள்வேலி இருக்கும்போது உங்களுடையது கண்ணில் படாது. சாட்சி சொன்னவர் குறிப்பிட்ட ஒரு பொருளை, ஒரு குளிர் மேலங்கியையோ கரண்டியையோ வரையச் சொல்லுங்கள்.

இணையத்தில் உலவும் மேற்கோள்களைத் தொடாதீர்கள். யார் எங்கே சொன்னது என்று தெரியாதவை ஏராளம். சாட்சியத்திலிருந்தே ஒரு வரியை, நிமிடக் குறிப்போடு எடுங்கள். இன்றைய அரசியல் தலைவர் யாரையாவது ஹிட்லரோடு ஒப்பிட்டு முடிப்பதும் வழக்கமாகக் காணும் பழக்கம். ஒப்பீடு செய்யத்தான் வேண்டும் என்றால் சட்டத்தையும் நடைமுறையையும் ஒப்பிடுங்கள், ஆளை வேண்டாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி பற்றி இந்த ஆண்டு விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று கையெழுத்துப் போடப் போவது மாணவர். கருவியில் உருவாக்கிய ‘பழைய முகாம் புகைப்படம்’ ஒன்றைச் சேர்த்தால், அது பொய் ஆவணம். இந்தத் துறையில் அதைவிடப் பெரிய தவறு கிடையாது.

பிறகு சின்ன விஷயங்கள்: சொல் வரம்பில் தலைப்பும் அடிக்குறிப்பும் சேருமா? படைப்பின் மேல் பெயர் எழுதலாமா? பெயரில்லாமல் மதிப்பிடும் போட்டிகளில், கோப்பின் பெயரில் மாணவர் பெயர் இருந்தாலே சிக்கல் வரலாம்.

5. சான்றுகள்

பள்ளிப் போட்டிக்கு நான்கு கையெழுத்து எதிர்பாருங்கள்: மாணவர், பெற்றோர், ஆசிரியர், சில நேரம் தலைமையாசிரியர். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கட்டாயம். படத்தையும் பெயரையும் வெளியிட அனுமதிக்கும் படிவம் தனியாக வரும். அதை முழுதாகப் படியுங்கள். படைப்பின் உரிமையை நிரந்தரமாக எழுதி வாங்கிக்கொள்ளும் வரி ஒன்று அதில் ஒளிந்திருக்கலாம். காப்பகப் புகைப்படத்தைப் பயன்படுத்தினால் அந்தக் காப்பகம் சொல்லும் நன்றி வரியை எழுத்து மாறாமல் போடுங்கள்.

பல்கலைக்கழக உதவித்தொகைக்கு மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்று, பாஸ்போர்ட், ஆங்கிலத் தேர்வு முடிவு, பரிந்துரைக் கடிதங்கள், நோக்கக் கட்டுரை எல்லாம் வேண்டும். பெயர் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்றில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எடுக்க வேண்டியிருக்கும்.

பரிந்துரைக் கடிதம்தான் எல்லாவற்றையும் தாமதிக்கும். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். கேட்கும்போது, இந்த உதவித்தொகை எதற்கு, உங்கள் எந்த வேலையை அவர் குறிப்பிட்டால் நல்லது, கடைசித் தேதி என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு அவருடைய குப்பை அஞ்சலுக்குப் போய்விடுவது சகஜம். வந்ததா என்று மறுநாளே கேட்டுவிடுங்கள்.

6. செலவு

பள்ளிப் போட்டிகளில் நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. அஞ்சல் செலவும் அச்சுச் செலவும்தான். ஓவியத்தை அசலாக அனுப்பச் சொன்னால் திரும்பி வருமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

பயணம் கிடைத்தால் கணக்கு மாறும். விமானமும் தங்குமிடமும் அவர்கள் செலவு என்றாலும் பாஸ்போர்ட், காப்பீடு, உடன்வரும் பெற்றோரின் செலவு யார் தலையில் என்று எழுத்தில் கேளுங்கள். போலந்து போன்ற ஷெங்கன் நாட்டுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) விசா தேவைப்படுபவர்களுக்குப் பலர் சொல்லாத ஒரு தகவல்: வழக்கமான கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் உடன்செல்லும் ஆசிரியர்களுக்கும் விசாக் கட்டணமே கிடையாது. பள்ளியின் கடிதத்தை இணைத்துக் கேட்க வேண்டும். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஆஷ்விட்ஸ் நினைவிட நுழைவு இலவசம், வழிகாட்டிக்குத்தான் பணம். 14 வயதுக்குக் குறைந்தவர்கள் வர வேண்டாம் என்பது நினைவிடத்தின் பரிந்துரை.

அமெரிக்காவில் படிக்கப் போகிறவர்கள் விசாக் கட்டணத்துக்கு மேல் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அரசு முறை) கட்டணமும் கட்ட வேண்டும்: எஃப் (மாணவர்) விசாவுக்கு 350 டாலர், ஜே (பரிமாற்றத் திட்ட) விசாவுக்குப் பொதுவாக 220. ‘முழு உதவித்தொகை’ என்று சொல்லும் கடிதத்தில் இது அடங்கியிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

7. காலக்கணக்கு

அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளின் கடைசித் தேதிகள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் விழும். காரணம் எளிது: யூத நாட்காட்டிப்படி ஹோலோகாஸ்ட் நினைவு நாளான யோம் ஹஷோவா ஏப்ரல் அல்லது மே மாதத்தில் வரும், பரிசளிப்பை அதையொட்டி வைப்பார்கள். ஐ.நா. அறிவித்த நினைவு நாளான ஜனவரி 27ஐ ஒட்டி நடப்பவற்றுக்கு இலையுதிர் காலத்திலேயே கதவு மூடிவிடும். செப்டம்பரில் ஆசிரியர், அக்டோபரில் சாட்சியம், நவம்பரில் முதல் வரைவு, டிசம்பர் விடுமுறைக்கு முன் எல்லாக் கையெழுத்தும். இதுதான் நான் சொல்லும் வரிசை. விடுமுறையில் பள்ளி அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசித் தேதி மட்டும் போதாது, எந்த ஊர் நேரம் என்றும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகை நள்ளிரவில் மூடுவதில்லை, அந்த நாட்டு நேரப்படி நண்பகலிலேயே மூடிவிடும்.

8. முதுகலைக்குப் போகிறவர்கள்

இந்தப் படிப்புக்கென்றே உதவித்தொகை தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். பொதுவான உதவித்தொகையை எடுத்து, இந்தப் படிப்புக்குப் பயன்படுத்துவதே நடைமுறை. செவ்னிங் ஆகஸ்ட்டில் திறக்கும். பிரிட்டனில் மனித உரிமை முதுகலைக்கும் பயன்படும். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ரோட்டரி அமைதி ஃபெலோஷிப் கல்விக்கட்டணம், தங்குமிடம், உணவு, போக்குவரத்து எல்லாவற்றையும் ஏற்கிறது. உப்சாலா (ஸ்வீடன்), பிராட்ஃபோர்ட் (பிரிட்டன்), டோக்கியோ ஆகிய இடங்களில் மையங்கள் உண்டு. முதுகலைக்கு மூன்று ஆண்டு அனுபவம் கேட்பார்கள். ரோட்டரி உறுப்பினர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் விண்ணப்பிக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை மாதம் 1,400 யூரோ, கல்விக்கட்டணமும் இல்லை. மனித உரிமைப் படிப்புகளும் அந்தப் பட்டியலில் வருகின்றன. பொறி எங்கே என்றால், ஒவ்வொரு படிப்புக்கும் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குத்தான் நிதி ஒதுக்கப்படும். நிதி முடிந்த பிறகும் படிப்பு நடக்கும், பக்கமும் அப்படியே இருக்கும். நீங்கள் சேரும் ஆண்டுக்கு உதவித்தொகை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள்.

ஹோலோகாஸ்ட் ஆய்வையே பட்டமாகப் படிக்க விரும்பினால் உப்சாலா, ஹைஃபா, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகங்களும் அமெரிக்காவில் ஸ்டாக்டனும் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவின் வூஸ்டரில் உள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ராஸ்லர் மையம் பெயர் பெற்றது. ஸ்வீடனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விண்ணப்பித்தால் 900 குரோனர் கட்டணம், கடைசித் தேதி ஜனவரி நடுவில். உப்சாலாவின் குளோபல் உதவித்தொகை கல்விக்கட்டணத்தை மட்டும்தான் கட்டும், வாழ்க்கைச் செலவு உங்களுடையது. குடியிருப்பு அனுமதிக்கு அந்தப் பணத்தை வங்கியில் காட்டவும் வேண்டும்.

நோக்கக் கட்டுரையில் ‘சிறுவயதிலிருந்தே அநீதியைக் கண்டு கொதித்தேன்’ என்று எழுதாதீர்கள். எந்தக் காப்பகத்தில் எந்தத் தொகுப்பைப் படிக்கப் போகிறீர்கள், அதற்கு எந்த மொழி தெரியும் என்று எழுதுங்கள். ஜெர்மனோ போலிஷோ தொடங்கியிருந்தால், தொடக்க நிலைச் சான்றைக்கூட இணையுங்கள்.

9. கிடைத்த பிறகு

அமெரிக்காவில் போட்டிப் பரிசு வேறு, உதவித்தொகை வேறு. பரிசுப்பணம் வருமானக் கணக்கில் வரும். பட்டப்படிப்பின் கல்விக்கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகங்களுக்கும் செலவான உதவித்தொகைக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் போன பகுதிக்கு வரி உண்டு. எஃப் விசாவில் இருக்கும் வெளிநாட்டு மாணவரிடம் அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். வெளியிலிருந்து உதவித்தொகை வந்தது என்று தெரிந்ததும், கல்லூரி தான் தரும் உதவியை அதே அளவு குறைத்துவிடலாம். பணத்தை ஏற்கும் முன் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி, குறைப்பதாக இருந்தால் கடனிலிருந்து குறைக்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் கேட்டால் ஒப்புக்கொள்கின்றன. அடுத்த ஆண்டுக்கு வாங்கிக்கொள்ள முடியுமா என்று பரிசு தரும் அமைப்பையும் கேட்கலாம். காசோலை கல்லூரியின் பெயருக்கு வந்தால் மாணவர் எண்ணை அதன் பின்புறம் எழுதி, நகல் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.